தலைவர் வாசலுக்கு நேரே என் கள்ளிகள்

எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில் சூரியன் மகா கஞ்சன். எங்கள் பல்கனியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் உதிக்கும், அதுவேதான் மறையும். காலை வெயில் ஒழுங்காக விழுகிற ஒரே இடம் மூன்றாம் மாடி நடைபாதை ஜன்னல். ஆகவே என்னுடைய ஏழு கள்ளிச் செடிகளும் அங்கே குடிபோயின. தயிர்ச் சட்டிகளில் ஓட்டை போட்டு, மணலும் கரித்துண்டும் கலந்து, யூடியூப் பார்த்து நானே நட்டவை. ஒவ்வொன்றும் பெருவிரல் உயரம். அவற்றைப் பற்றி மாடியில் இருந்த எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்தேன்.

வந்த வினை என்னவென்றால், அந்த ஜன்னல் குடியிருப்பாளர் சங்கத் தலைவரின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. தலைவருக்கு ஒரு மகள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களில் ஒன்று சீதனப் பேச்சில் முறிந்தது, மற்றது சாதகத்தில் முறிந்தது. இரண்டுமே என் கள்ளிகள் வருவதற்கு முன்பு நடந்தவை. ஆனாலும் தலைவருக்குக் குற்றவாளி கள்ளிதான்.

"பிள்ளை, வாசலுக்கு நேர முள்ளு நிண்டா நல்ல காரியம் ஒண்டும் சரிவராது. எடுத்துப் போடும்."

"அங்கிள், இதுகள் வர முந்தியே ரெண்டும் குழம்பினதெல்லோ?"

"வாய் நல்லா நீளுது. அதாலதான் உங்கட வீட்டுப் பக்கமும் பொம்பிளை கேட்டு ஒருத்தரும் வாறேல்ல."

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "அந்த மனிசனோட கொழுவாத. தண்ணிப் பம்ப் பழுதானா நாளைக்கு ஆரிட்டப் போய் நிக்கிறது?"

கட்டடத்தில் சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருப்பதால், முள் ஆகாது என்று மூன்று மொழியில் எழுதினால் சிரிப்பார்கள் என்பது தலைவருக்குத் தெரியும். அதனால் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வேறு காரணம் வந்தது: டெங்கு. சுகாதாரப் பரிசோதகர் வருகிறாராம். நடைபாதைச் சட்டிகளில் தண்ணீர் கண்டால் எல்லாம் குப்பை லொறியில் ஏறுமாம். மாதத்தில் இரண்டு மிடறு குடிக்கிற பாலைவனத்துச் செடிமேல் நுளம்பு வளர்த்த குற்றச்சாட்டு! அன்றிலிருந்து அந்த இரண்டு மிடறையும் நிறுத்தினேன்.

பரிசோதகர் டோர்ச்சும் கையுமாக வந்தார். தலைவர் கீழ்மாடிகளை விட்டுவிட்டு அவரை நேரே என் ஜன்னலுக்கு அழைத்து வந்தார், சுற்றுலாப் பயணியை சிகிரியாவுக்குக் கூட்டிப்போவது போல. பரிசோதகர் ஒவ்வொரு சட்டியிலும் விரலை விட்டுப் பார்த்தார். மூன்றாவதில் முள் குத்தி விரலைச் சூப்பினார்.

"ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லையே, நங்கி" என்று சிங்களத்தில் என்னைத் தங்கச்சியாக்கிச் சொல்லிவிட்டுத் திரும்பியவருடைய டோர்ச், திறந்திருந்த தலைவர் வீட்டுக்குள் தற்செயலாக விழுந்தது. செருப்புத் தட்டின்மேல் ஒரு கண்ணாடிப் போத்தல். செல்வம் பெருக வைத்த மணி பிளான்ட். போத்தலுக்குள் பெருகியிருந்தது செல்வம் இல்லை. நெளிந்து நெளிந்து நீந்தும் நுளம்புக் குடம்பிகள்.

"சேர், அது டெகரேஷன்" என்றார் தலைவர்.

பரிசோதகர் கொஞ்சத்தைக் குப்பியில் அள்ளிக்கொண்டு, எச்சரிக்கைத் துண்டை எழுதி டெகரேஷன் உரிமையாளரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வேலை ஒன்றும் செய்ததில்லை.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்னேரமே அடுத்த வாட்ஸ்அப் வந்தது. இன்றைய பரிசோதனையில் வெளிவந்த பாரதூரமான நிலைமையைக் கருத்திற்கொண்டு, நடைபாதைகளில் இனி எந்தச் செடியும் வைக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே நீதி. யாருடைய நிலைமை என்று அதில் இல்லை. மணி பிளான்ட் வீட்டுக்குள் இருப்பதால் அதற்குச் சட்டம் பொருந்தாது. அந்தச் செய்திக்குக் கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அவர்களில் அம்மாவும் ஒருவர்.

சட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்க் கதவு திறந்தது. தலைவரின் மகள்.

"அப்பா கோயிலுக்குப் போயிட்டார். எனக்கொண்டு தாறீரா?"

எனக்குப் புல்லரித்தது. ஒரு வழியாக ஒரு மாணவி! "தாறன் அக்கா. ஆனா ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலமாவது வெயில் படவேணும். மண் காயாமல் தண்ணி விடக்கூடாது. பிறகு..."

"அதெல்லாம் ஆறுதலாப் பாப்பம். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பொம்பிளை பாக்க லண்டன்காரர் வருகினம். இருக்கிறதுக்குள்ள முள்ளு நீளமானதைத் தாரும்."

இரண்டு கொடுத்தேன்.