இம்ரான் மாட்டிய ஸ்பிரிங்

காரைப் பற்றி அம்பிகைபாகருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்கில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சோறு ஆறுகிறது என்று மனைவி சயந்தினி கத்துவது காதில் விழாதவர் மாதிரி இறங்கிப் போவார். அவர் வாயில் வந்தால் அது தீர்ப்பு. அந்த வாய்தான் வினையாகிப் போனது.

அவருடைய சொந்தக் காரும் கிழடுதான். முன்பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்ததும் கிராஞ்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் இம்ரானிடம் கொடுத்து இரண்டையும் மாற்றினார். பிறகு வலது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை மட்டும் தானே மாற்றிக்கொண்டார், வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே. மறுநாள் பார்த்தால் முன்பக்கம் இடதுபுறம் ஒரு விரல் தாழ்ந்து நின்றது.

தன் கை பட்ட இடத்தில் குற்றம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் தோசை மேசையைச் சுற்றி நண்பர்கள் இருக்கும்போது, "புதுசுக்குக் காசு வாங்கிட்டு இடது பக்கம் பழசை மாட்டிட்டான் லா, இம்ரான்" என்று போட்டு உடைத்தார். அதன்பின் அந்த மேசையிலிருந்து ஒரு கார்கூட இம்ரானிடம் போகவில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் இம்ரான் சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, வண்டியக் கொண்டாங்க. உங்க முன்னாலயே கழட்டிக் காட்டுறேன்" என்று போன் செய்தான்.

கழற்றினான். ஸ்பிரிங் புத்தம் புதியது. திரும்ப மாட்டி இறக்கினால், கார் அப்படியே சாய்ந்து நின்றது. "எனக்கும் புரியல அண்ணே. டீ வாங்கிட்டு வர்றேன்" என்று வெளியே போனான்.

தனியாக நின்ற அம்பிகைபாகர் டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். இடதுபக்கம் இருக்கவேண்டிய அளவில் இருந்தது. வலதுபக்கம்தான் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

அது அவரே கை வைத்த பக்கம். அன்றைக்கு நிறுத்துமிடத்தில் அபராதச் சீட்டு எழுதும் சம்மன் ஆன்ட்டி வருவதைக் கண்டு, அங்கே ரிப்பேர் செய்யக்கூடாது என்பதால் பயந்து, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையின் போல்ட்டை முறுக்கிவிட்டார். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை உட்காரவிடாது. பணிமனையில் இதற்காக எத்தனை பேரை அவர் திட்டியிருக்கிறார்!

பட்டறைக் குழிக்குள் இறங்கி அந்த போல்ட்டைத் தளர்த்தினார். கார் மெதுவாக இறங்கிச் சமமாக நின்றது. அந்த நிலையிலேயே போல்ட்டைத் திரும்ப முறுக்கினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அவர் மேலேறவும் இம்ரான் டீயோடு வரவும் சரியாக இருந்தது. "அட, நேரா நிக்குதே! என்னண்ணே செஞ்சீங்க?"

உண்மை தொண்டைவரை வந்தது. "ஸ்பிரிங் சரியா உக்காரல. தட்டி விட்டேன்" என்றது வாய்.

இம்ரானின் முகம் சுருங்கியது. "அப்ப என் தப்புதான். மன்னிச்சுக்குங்க அண்ணே. பழசு இல்லன்னு மட்டும் தேக்காவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். விடு, தப்பு யாருக்கும் வர்றதுதான்" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார் அம்பிகைபாகர்.

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றான் இம்ரான்.