லெமுவெலின் மூன்று வெள்ளைப் படிகள்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. எர்லீன் அடுப்பில் சோளக்கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அண்ணனின் பக்கத்து வீட்டு ஹாட்டி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"எர்லீன்க்கா, அடுப்ப அணைச்சிட்டு வாங்க. லெம் அண்ணன் படியில உட்கார்ந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பிப் பாக்கல."

நாலு வீடு தள்ளிதான். ஆனாலும் எர்லீன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

லெமுவெல் கெய்தர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டில், அம்மா விட்டுப்போன வழக்கத்தோடு இருந்தார். சனிக்கிழமை வந்தால் வாசலின் மூன்று பளிங்குப் படிகளையும் பொடி தூவி, நுரைக்கல்லால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேல் படியில் தொடங்கிக் கீழ் படியில் முடிக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் அப்படி மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ் கார் வந்து நின்றது.

"டேய், யார் வீட்டு வாசல்ல உனக்கு என்னடா வேலை?"

"எங்கம்மா வீடு சார்."

நம்பவில்லை. சுவரோடு சுவராக நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, வாளியை எட்டி உதைத்தார்கள். அழுக்குத் தண்ணீர் மூன்று படியிலும் ஓடியது. அம்மா வெளியே வந்து சத்தம் போட்ட பிறகுதான் போனார்கள். அம்மா வாளியை நிமிர்த்தி வைத்தாள். "மேலேருந்து ஆரம்பி" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது டி.வி.க்காரர்கள் ஒரு தொடர் எடுக்க அந்தத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு கறுப்பினப் பையனைச் சுட்டுவிட்டு மறைக்கும் போலீஸ்காரர்களின் கதை. கடைசியில் நம் கதையையும் சொல்ல ஆள் வந்ததே என்று தெருவுக்கே சந்தோஷம். எர்லீன் புது உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். லெம் வேலை முடிந்து வந்தபோது ஒருவன் அவர் படிகளில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்ற?"

"கவலப்படாதீங்க சார், கழுவினா போயிடும். தெரு கொஞ்சம் பாழடைஞ்ச மாதிரி தெரியணும்."

"யார் கண்ணுக்கு?"

லெம் உள்ளே போனார். பஸ் சீருடையோடேயே வாளியும் கல்லும் எடுத்து வந்து மேல் படியில் மண்டியிட்டார். படம் எடுக்க வந்த நாற்பது பேர் காத்து நின்றார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எர்லீனுக்கு மானம் போனது.

"அண்ணே, எழுந்திரு. நமக்காகத்தானே எடுக்கிறாங்க, கெடுத்துடாத."

"நமக்காக எடுக்கிறவன் அம்மா படிய எதுக்குப் பாப்பா அழுக்காக்கணும்?"

இயக்குநர் ஒரு பெண். பக்கத்தில் வந்து அவர் தேய்ப்பதைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"கீழ் படி மட்டும் பாக்கிம்மா."

அவள் காத்திருந்தாள். செத்த பையனின் தாயாக நடித்தவளை அந்த வெள்ளைப் படியில் உட்கார வைத்துத்தான் அன்று படம் எடுத்தார்கள். தொடரில் அது நான்கு விநாடி வந்தது.

அதன் பிறகு இருபது வருடம், அந்தத் தொடரை எப்போது மறுபடி போட்டாலும் லெம் போன் செய்வார்.

"பாப்பா, டி.வி.யப் போடு. என் படி வருது."

"அந்தம்மா எப்படி அழுறா பாருண்ணே. படியப் பாக்குறியே!"

"அவளுக்குச் சம்பளம் குடுத்தாங்க. என் படி சும்மாதான நடிச்சுது?"

ஹாட்டியும் விடமாட்டாள். "லெம் அண்ணே, உங்க படிக்கு அவார்டு எப்ப வருது?" என்பாள். "போஸ்டுல வந்துட்டிருக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். எர்லீன் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். அன்றைக்கு அவரை எழுந்திருக்கச் சொன்னதற்கு மட்டும் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தெருக்காரர்கள் துக்க வீட்டுக்குப் பொரித்த கோழியும் பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள்.

எல்லோரும் உள்ளே போன பிறகு எர்லீன் வாசலில் நின்றாள். வாளித் தண்ணீர் ஆறியிருந்தது. மேல் இரண்டு படிகளும் காய்ந்து வெளுத்திருந்தன. கீழ் படியில் இடது பாதிதான் தேய்த்திருந்தது.