மஞ்சுநாத் சார் முடிக்காத அத்தியாயம்

குருபரப்பள்ளியில் ஒரு வீட்டு வாசலில், கையில் கல்லூரி நோட்டீஸோடு நின்றிருந்தபோது ஃபோனில் செய்தி வந்தது. இயற்பியல் துறை மஞ்சுநாத் சார் மாரடைப்பில் போய்விட்டார். கோடை வந்தால் நம் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் ஊர் ஊராய் அலைந்து மாணவர்களைப் பிடித்துவர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவரும் நானும் எப்போதும் ஒரே பைக்கில் போவோம். அன்று நெஞ்செரிச்சல் என்று வீட்டில் தங்கிவிட்டார். நானும் நெஞ்செரிச்சல் என்றே நம்பினேன்.

பிரம்மாண்டமான நட்சத்திரங்கள் எப்படி உருவாகின்றன என்று பகுதிநேரமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். சூளகிரி டீக்கடையில் ஒருமுறை எனக்கு விளக்கினார். "சூரியன் மாதிரி இல்லைங்க இது. வாயு மேகத்துக்குள்ள வளர்றப்பவே எரிய ஆரம்பிச்சிடும். அந்த வெளிச்சமே உள்ள வர்ற வாயுவ வெளிய தள்ளும். அப்புறம் எப்படி அவ்ளோ பெருசா வளருது?"

"எப்படி?" என்றேன். வேதியியல்காரனுக்கு எப்போதும் அவசரம்.

"வாயு சுத்தியும் தட்டு மாதிரி சுழண்டு, பக்கவாட்டுல வந்து சேருது. எதுவரைக்கும் சேரும்கறதுதான் என் கடைசி அத்தியாயம்."

அந்த ஓர் அத்தியாயம்தான் பாக்கி. துறையில் மாணவர் இடங்கள் நிரம்பினால் அதை முடிக்க லீவு தருவதாக பிரின்சிபால் சொல்லியிருந்தார். போன கோடையில் கடைசி இடத்துக்கு பாகலூரில் ஆள் கிடைத்தது. ரோஜாத் தோட்டக்காரர் ஒருவர் மகளின் மார்க் ஷீட்டை நீட்டினார். சார் அதைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். தோட்டக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"இந்த மார்க்குக்கு கிருஷ்ணகிரி கவர்மெண்ட் காலேஜ்லயே சீட்டு கெடைக்கும்னேன்."

"உங்க லீவு?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம், வண்டிய எடுங்க."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அடுத்த வருஷம்தான் இது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபமாக இருக்கிறேன்.

சாரின் காரியம் முடிந்து மறுபடி குருபரப்பள்ளிக்குப் போனேன். அதே வீடு. அந்த வீட்டு அம்மா மகனின் மார்க் ஷீட்டைக் கொடுத்து, "நல்ல மார்க்குங்களா சார்?" என்றார். நல்ல மார்க்தான்.

"கவர்மெண்ட் காலேஜ்ல கேட்டுப் பாருங்கம்மா, கெடைக்கும்" என்றேன்.

உங்கள் அத்தியாயத்தை முடிக்க எனக்குத் தெரியாது, சார். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்த ஒரு பதில்தான்.