பின் சீட்டில் தேய்மானம் இல்லை

பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொம்மை என்பது திருவிழாக் கடையில் வாங்குவது. நான் செய்தது ஏரோப்ளேன். ஜெர்மன் சண்டைக் காலத்தில் கடற்படைக்காரர்கள் வைத்திருந்தார்களே, தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்புகிற ஜாதி, அது. சக்கரம் கிடையாது. அடியில் தோணி மாதிரி இரண்டு மிதவைகள். இறக்கை மேலே ஒன்று, கீழே ஒன்று. அசலில் ஒரு முழம் இருப்பது என்னுடையதில் ஓர் அங்குலம். அப்படியும் இறக்கையை விரித்தால் ஒரு கட்டில் அகலம் வந்துவிடும். அசலைப் போலவே இறக்கையைப் பின்னால் மடக்கலாம், அதனால் வீட்டு வாசலில் நுழைந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் தச்சன். சண்டைக்கு முன்னால் அதே டேனரியில் சுண்ணாம்புக் குழிக்கு வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வெந்துபோகும். அதிலிருந்து தப்பித்தால் போதும் என்று பட்டாளத்துக் கூலியாளாகப் பேர் கொடுத்து எகிப்தில் ஒரு துறைமுகத்துக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது, "அங்க இன்னா பண்ணே?" என்று ஊரே கேட்டது. ஏரோப்ளேனில் துரைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பறந்தேன் என்று சொன்னேன்.

சுத்தப் பொய். அங்கேயும் நான் தூக்கியது வாளிதான். கடலிலிருந்து வந்த ஏரோப்ளேனைக் கரையில் இழுத்துப் போட்டதும், உப்புப் போக அதன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது என் வேலை. மேலே ஏற எங்களை விடமாட்டார்கள், துணி கிழிந்துவிடுமாம். மிச்ச நேரத்தில் தச்சர்களுக்குக் கையாளாக நின்று உளி பிடிக்கக் கற்றேன். ஊரில் வாளி தூக்கியவன் கப்பலேறிப் போயும் வாளிதான் தூக்கினான் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தடவை சொன்னேன், பிறகு அதை விட முடியவில்லை. கல்யாணமும் அந்தப் பொய்யோடுதான் ஆயிற்று.

அப்படியே பத்து வருஷம் ஓடியது. ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, வேலூர்க் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி நடக்கப்போகிறது, நம் டேனரி சார்பாகத் தோலோடு ஏதாவது புதுசாக வைக்கலாம் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஏரோப்ளேன் செய்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். மூன்று மாதம் கழித்து, வேலை முக்கால்வாசி முடிந்த சமயத்தில் முதலாளி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்.

"அடேய், பொருட்காட்சிய தெறக்க ஒரு தொரை வர்றாரு. சண்டையில ஏரோப்ளேன் ஓட்ன ஆளு! நீயும் அவுங்களோட பறந்தவன்னு சொல்ட்டேன். ஜாஸ்தி சந்தோசம் அவருக்கு. உங்கிட்ட பேசணும்னாரு!"

துரை இரண்டு கேள்வி கேட்டால் போதும், சந்தி சிரித்துவிடும். முதலாளி பக்கத்தில் நிற்பார். என் மனைவியும் வருவதாக இருந்தாள். அவள் முன்னால் அம்பலப்படுவதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

பயத்தில் நான் செய்த காரியம், ஏரோப்ளேனை இன்னும் நன்றாகச் செய்தது. இது அச்சு அசலாக இருந்தால் துரை என்னைக் கேள்வி கேட்கமாட்டார் என்று ஒரு நப்பாசை. உடம்பெல்லாம் மூங்கில் சிம்பு, மிதவை கல்யாண முருங்கைக் கட்டை, மேலே மல் துணி ஒட்டி வச்சிரப் பசை பூச்சு. புதுசாகப் பளபளவென்று இருந்தபோது எனக்கே பிடிக்கவில்லை. அதற்கு அழுக்கேற்ற ஆரம்பித்தேன். ஆவாரம்பட்டைச் சாற்றைத் தடவி வெயிலில் காய வைத்ததில் துணி பழுத்தது. கம்பி கட்டிய இடங்களில் துருவும் கறுப்பும் இறங்கவேண்டும். டேனரியில் ஈரத்தோல் மேல் இரும்பு பட்டால் கறுப்பு விழும், அதற்காக எத்தனையோ பேர் திட்டு வாங்கியிருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே கடுக்காய்த் தண்ணீரில் ஆணியை ஊறப்போட்டு அந்தக் கறுப்பைப் புல்லால் தொட்டுத் தொட்டு வைத்தேன். மிதவையில் உப்புக் கரைசலை மூன்று முறை தடவி, மூன்று மட்டத்தில் வெள்ளைக் கோடு காயவிட்டேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் வழிந்து பின்பக்கம் இழுத்த தடம், கரையில் இழுத்தபோது மிதவையின் அடி சிராய்த்த கீறல், ஒன்றையும் விடவில்லை. மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன்.

பொருட்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் என் மாமனார் பார்க்க வந்தார். அவர் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். ஒரு தோலை வெளிச்சத்தில் புரட்டி, இது உழுத மாடு, இது உண்ணி கடித்தது, இதை உப்புப் போட லேட் பண்ணியிருக்கிறான் என்று சொல்லிவிடுவார். ஏரோப்ளேனையும் வாசலுக்கு எடுத்துப் போய் அப்படித்தான் பார்த்தார். அடியைப் பார்த்தார், மேலே பார்த்தார், பின் சீட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"உப்புக்கோடு பிரமாதம் மாப்ளே. இத கண்ணால பாக்காதவன் போட முடியாது," என்றார். மறுபடியும் மேல் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆனா கீழ அம்மாம் அழுக்கு, மேல் எறக்கை மட்டும் துடைச்சாப்ல கீது. எஞ்சின் பொகை எந்தப் பக்கம் போவும், மேலதானே?" என்றார்.

பிறகு பின் சீட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"மாட்டுத் தோல்ல நொகம் பட்ட எடம் தேஞ்சிருக்கும். ஆள் உக்காந்த சீட்டு தேயாதா? கீழ நின்னு பாத்தவன் செஞ்சது மாப்ளே இது."

மேல் இறக்கையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காததைச் செய்யவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை! தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கிட்ட சொன்னது போதாது. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. தொரை சொல்லி அவ கேக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

என் மனைவி கொல்லையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நான் பறந்ததேயில்லை, அடியில் நின்று கழுவினேன், அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முறம் நின்றது.

"பறக்கவே இல்லியா?"

"இல்ல."

"ஒரு வாட்டி கூட?"

"ஏணியில கூட ஏறல."

"அப்ப... மறுபடி சண்டை வந்தா உங்கள கூப்ட மாட்டாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கழுவுகிறவனைத் தேடி ஆம்பூருக்கு யார் வருவார்கள் என்றேன். அவ்வளவுதான், முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"பறக்கத் தெரிஞ்சவன வுட மாட்டாங்கன்னு நெனச்சேன். தபால்காரன் காக்கி கவர் எடுத்தாந்தா எனக்கு உசுரே போய்டும். வெள்ளிக்கெழமை ஒருபொழுது எதுக்கு இருக்கேன்னு நெனச்சீங்க? கொழந்தைங்களுக்கா? உங்கள கூப்டக் கூடாதுன்னு!"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அதச் சொல்றப்ப உங்க மூஞ்சி அம்மாம் சந்தோசமா இருக்கும். எப்டி சொல்றது?"

பத்து வருஷமாக நான் ஜம்பமாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றில் நெருப்பைக் கொட்டியிருக்கிறேன். பாவி நான். அப்படித் திட்டிக்கொள்ளும்போதே நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிட்டது. எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

முதலாளியிடம் சொல்வது அதற்கப்புறம் பெரிய விஷயமாக இல்லை. "பேஜார் பண்ட்டியேடா, பத்து ஊர்ல சொல்லி வெச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே, "சரி வுடு, ஏரோப்ளேன் நீ செஞ்சதுதானே? அது பொய் இல்லியே?" என்று சிரித்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், துரை வரவேயில்லை. ஜுரமாம், வேறு யாரோ வந்து ரிப்பனை வெட்டிவிட்டுப் போனார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சாகும்வரை பறந்தவனாகவே இருந்திருப்பேன். நல்ல வேளை, ஜுரம் வரப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியவில்லை.

மைதானத்தில் கூட்டம் நெருக்கியது. எங்கள் மேஜைக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்று ஏரோப்ளேனை வாய் பிளந்து பார்த்தாள். என் மனைவியிடம், "உன் வூட்டுக்காரரு இதுல பறந்தாரா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரலெடுத்துச் சொன்னாள்:

"அய்யோ, இல்லக்கா! அவரு கீழ நின்னு கழுவனாரு!"