டிரம்மின் இரண்டு பக்கம்

சந்திரம்மாள் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தக் குடிசை வரிசையிலேயே கிடையாது. மயூர் விஹார் ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். தண்ணி லாரி வந்தால் முன்னே நிற்பவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாவது பைப்பைப் பிடித்துவிடுவாள். தில்லி ஜூன் வெயிலில் மரியாதை பார்த்தால் நாக்கு வறண்டு சாகவேண்டியதுதான்.

இப்படி அடித்துப் பிடித்து நிரப்புவது ஒரே டிரம். பாதி அவளுக்கு, பாதி பக்கத்துக் குடிசையில் இருக்கும் கொழுந்தன் ஐயப்பனுக்கு. நடுவிலிருந்த தகரத் தடுப்பை வெட்டி, அந்த ஓட்டையில் டிரம்மைச் செருகியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். வெளுத்த பிளாஸ்டிக் என்பதால் தண்ணி நிற்கும் மட்டம் வெளியிலேயே தெரியும். அவள் புருஷன் காத்தவராயன் தன் பக்கம் அடியிலிருந்து வாய்வரை நாலு சமபாகமாகக் கோடு போட்டிருந்தான். தம்பி குத்துமதிப்பாக மொண்டுகொண்டிருந்தான். "நீயும் கோடு போட்டு எடுடா" என்று போன வாரம் அவனைக் கிழிகிழியென்று கிழித்தவள் இவள்தான். சின்ன பக்கெட்காரன், அவன் எட்டாகப் பிரித்துப் போட்டுக்கொண்டான். அதை யார் எட்டிப் பார்த்தார்கள்?

அன்றைக்குக் காத்தவராயன் சென்ட்ரிங் வேலை முடித்து, கையில் கம்பியோடு வந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐயப்பன் பெண்டாட்டியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"நாலு கோடு எடுத்தாச்சு. மிச்சம் அண்ணனுக்கு."

"நமக்கு எவ்வளவுடி நிக்குது?" என்றான் காத்தவராயன்.

"ரெண்டு கோடு. பாதி சரியாத்தான்யா இருக்கு, உக்காரு."

"அவனுக்கு நாலு, எனக்கு ரெண்டா? நாலும் ரெண்டும் ஒண்ணாடி?"

ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் சொம்பால் அவன் மண்டையில் போட்டாள். பாழாய்ப்போன கோபம், அதற்கெல்லாம் நிற்குமா? தகரத்தை உதைத்துச் சாய்த்தான். எதிரே வந்த தம்பி மேல் கம்பியை இறக்கினான். குறுக்கே பாய்ந்த சந்திரம்மாளின் மணிக்கட்டு உடைந்தது. அடுத்த அடி ஐயப்பனின் இடது கண்ணில் விழுந்தது. அவன் டிரம் மேலேயே சரிந்தான். யாருக்கு எவ்வளவு என்று அடித்துக்கொண்ட தண்ணி ரத்தமாகிப்போனது, சாக்கடையில்தான் கொட்டினார்கள்.

கண் போய்விட்டது. காத்தவராயன் ஜாமீனில் வந்தபோது தடுப்பு இல்லை, டிரம் வெட்டவெளியில் நின்றது. தன் இரண்டாவது கோட்டில் விரலை வைத்து அப்படியே சுற்றி வந்தான். விரல் தம்பியின் நாலாவது கோட்டில் போய் முட்டியது. முதல் கோட்டிலிருந்து சுற்றினான். அது தம்பியின் இரண்டாவதில் சேர்ந்தது. மூன்றிலிருந்து போனால் ஆறு.

ஐயப்பன் தண்ணி மொள்ள வந்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, பக்கெட் விளிம்பில் இடித்தது.

"தண்ணில பாதிதான்யா அவன் எடுத்தான்," என்றாள் சந்திரம்மாள். "நீ அவன் பார்வையில பாதிய எடுத்துட்ட."

கட்டுப்போட்ட கையை ஒதுக்கிக்கொண்டு, கொழுந்தனிடமிருந்து பக்கெட்டை வாங்கி அவளே மொண்டு கொடுத்தாள்.