பிறந்த தேதி இல்லாதவர்கள்

ரம்யா காவலூருக்கு அப்பால் ஒரு மலையூரில் பிறந்தவள். வேலூரில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. நான் மருந்து வண்டியில் மாத்திரை கொடுப்பவன். அவள் பட்டியல் அனுப்புவாள், நான் பேர் கூப்பிடுவேன்.

மலையில் வயதான பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. பதிவு செய்பவர்கள் எல்லோருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டுத் தள்ளுவார்கள். ரம்யாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரியலன்னா காலியா வுடுங்க. பொய் இன்னாத்துக்கு?" என்று சண்டை போட்டு அந்தப் பழக்கத்தை நிறுத்தினாள். அந்த ரோஷத்தால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

நோயாளிகளின் டேபிளைப் பிறந்த வருடப்படி பார்ட்டிஷன்களாகப் பிரித்திருந்தார்கள். வருடத்துக்கு ஓர் அறை மாதிரி. தேதி இல்லாத பேர்கள் எந்த வருடத்திலும் சேராமல் 'டீஃபால்ட்' என்ற கடைசிப் பார்ட்டிஷனில் போய் விழும். ஆகஸ்டில் புது சர்வருக்கு மாறியபோது ரம்யா வருடங்களை மட்டும் வரிசையாக நகலெடுத்தாள். டீஃபால்ட்டில் சாஃப்ட்வேரைச் சோதிக்க முன்பு போட்ட போலிப் பதிவுகள்தான் கிடக்கின்றன என்று நினைத்து விட்டுவிட்டாள். மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

அந்த மாதம் வலிப்பு மாத்திரைக்கு வந்த பாஞ்சாலையின் பேர் பட்டியலில் இல்லை. அவள் ரம்யாவுக்குச் சின்னம்மா முறை. பட்டியலில் இல்லாதவருக்கு மாத்திரை தரக்கூடாது என்பது விதி. மாத்திரை என் கையில்தான் இருந்தது. மடையன், விதியைப் பிடித்துத் தொங்கினேன். கேட்டு வைக்கிறேன், அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"நான் இன்னா செத்தா பூட்டேன், பேர எடுத்துட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் போனாள். மலையிறங்கியதும் ரம்யாவிடம் கேட்க மறந்தேன்.

அதற்குப் பதினோராம் நாள், பாஞ்சாலை சாமைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

காரியம் முடிந்து வந்த ரம்யாவிடம், பட்டியலில் பேர் இல்லாததைச் சொன்னேன். அவள் பழைய சர்வரிலிருந்து டீஃபால்ட்டை எடுத்துச் சேர்த்தாள். நாற்பத்தொரு பேர். அத்தனை பேரும் மலைக்காரர்கள். பேர் கூப்பிடாததால் கேட்காமலே திரும்பிப் போயிருந்தார்கள். மீதி நாற்பது பேருக்கு மறுநாளே வண்டியில் மாத்திரை கொண்டுபோனேன்.

பாஞ்சாலையின் பதிவை முடித்து வைக்க வேண்டியிருந்தது. பிறந்த தேதிக் கட்டம் காலி. இறந்த தேதிக் கட்டத்தில் நாள், மாதம், வருடம் மூன்றையும் ரம்யா நிதானமாக அடித்தாள்.

"இது ஒண்ணுதாங்க கரெக்டா தெரியுது," என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.