கிரேனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மூத்த பேரன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அடுத்தவள் நர்சிங் முடித்துவிட்டாள். கடைக்குட்டி தீபா விளையாட்டுக் கட்டைகளாலேயே கிரேன் செய்திருக்கிறாள். கைப்பிடியைச் சுற்றினால் அதன் கை மூன்று அடுக்காக நீளும்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் செய்த பொம்மை இயந்திரங்களுக்குப் போட்டி. ராஜபாளையத்தில் பஸ் ஏறுமுன், புது வண்டியாயிற்றே என்று அடுக்குகள் சேரும் இடமெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தேன்.

போய்ச் சேருவதற்குள் அது காய்ந்து இறுகிவிட்டது. நடுவர் முன்னால் கை நகரவே இல்லை.

"அம்மாச்சி, ஒங்கள யாரு பொட்டு வைக்கச் சொன்னா?"

"ஏட்டி, லாரிக்கே வைக்கோம். ஒன் கிரேன் என்ன ஒசத்தியா?"

ஊக்கால் சுரண்டி எடுத்தோம். கை அழகாக நீண்டது. நடுவர்தான் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கிரேன் பொட்டோடு மடங்கிக் கிடந்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரைச் சிரிக்க வைத்திருக்கும், தீபாவைப் பெற்ற என் அருமை மகளே, கை நீண்ட படத்தையும் போடு!